எனா டி சில்வாவும் அலுவிகாரைப் பத்திக்கும்



அலுவிகாரை என்றால் ஓலைச்சுவடி மட்டுமல்ல, பத்திக்கும்தான். எனா டி சில்வா (1922–2015), இலங்கையரான முதல் பொலிஸ்மா அதிபர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களில் மகன் அனிலோடும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் கொழும்பில் பத்திக் தொடங்கினார்.

சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகு. தோய்த்துக் காயவைத்து, அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு. கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை! சேலை, சட்டை மட்டுமா? ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் பத்திக் கூரையும் கோட்டைப் பாராளுமன்றத்தில் தொங்கும் கொடிகளும் அவர் கைவண்ணம்தான்.

1980களில் ஊர் திரும்பியவர், இங்குள்ள பெண்களுக்குப் பத்திக்கையும் பூத்தையலையும் வருமானமாக்கினார். எனாவின் பெயர் நிலைத்துவிட்டது. மெழுகு பிடித்த கைகள்? உங்கள் உம்மாவோ சாச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோ அங்கே வேலை செய்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.