கண்டி மாநகரும் மதுச்சாலைகளும்



நண்பர் சிலர் ஒன்றுகூடி, நகரத்து மதுச்சாலைகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, இதற்கு இத்தனை புள்ளி, அதற்கு இத்தனை புள்ளி என்று தரம் வகுக்கும் வழக்கம் இக்காலத்துப் பெருநகரங்களில் பரவியுள்ளது. கண்டி மாநகரும் அதற்கு விலக்கன்று. ஏரிக்கரை விடுதிகளிலும் குன்றின்மேல் அமைந்த ஹோட்டல்களிலும் கிடைக்கும் 'காக்டெயில்' என்னும் கலவை மதுவின் சுவை, இடத்தின் அழகு, பரிமாறுவோரின் பணிவு ஆகியவற்றை அவர்கள் எடைபோடுகின்றனர். ஆயினும், மதுச்சாலையை மதிப்பிடும் வழக்கம் கண்டிக்குப் புதியதன்று. முதலில் அரசாங்கம் அதனை ஏலத்தால் மதிப்பிட்டது. பின்னர் மக்கள் வாக்கினால் மதிப்பிட்டனர். இன்று நுகர்வோர் நாவினால் மதிப்பிடுகின்றனர். இம்மூன்று மதிப்பீடுகளின் வரலாற்றையே இப்பேச்சில் சுருங்கக் கூற விழைகின்றேன்.

கண்டி அரசர் காலத்தில் குடி என்பது பெருமைக்குரிய பொருளாக இருந்ததில்லை. 1660ஆம் ஆண்டு முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், இந்நாட்டவர் குடிவெறியை மிகவும் வெறுப்பவர்கள் என்றும், அதற்கு அடிமையானோர் சிலரே என்றும் எழுதிவைத்தார். கித்துள் மரத்துக் கள் மலைநாட்டில் இருந்தது. ஆனால், தெருவுக்குத் தெரு தவறணை இருக்கவில்லை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. காடுகள் அழிக்கப்பட்டன; கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்து வந்தனர். அவர்கள் வந்த காலத்திலேயே தவறணைகளும் மலையேறின. களுத்துறை முதலிய கரையோரப் பகுதிகளில் வடிக்கப்பட்ட தென்னஞ்சாராயம் மாட்டு வண்டிகளில் மேல்நாட்டுக்குச் சென்றது.

இவ்வாணிபம் நடந்த முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு பகுதியில் சாராயத்தைச் சில்லறையாக விற்கும் ஏகபோக உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. கூடுதலான தொகை கேட்டவருக்குக் குத்தகை கிடைத்தது. குத்தகைப் பணம் குறித்த தவணைகளில் அரசாங்கத்துக்குச் சேர்ந்தாக வேண்டும். கட்டிய பணத்தை மீட்பதற்குக் குத்தகைக்காரர் விற்பனையைப் பெருக்கியாக வேண்டும். அரசாங்கம் ஏலத்தொகை உயர வேண்டுமென விரும்பியது. குத்தகைக்காரர் குடிப்போர் தொகை உயர வேண்டுமென விரும்பினார். குடிப்பவனின் நலனை விரும்ப அந்த ஏற்பாட்டில் ஒருவருமில்லை.

இத்தகைய குத்தகையால் பெருஞ்செல்வம் திரட்டியோருள் மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா குறிப்பிடத்தக்கவர். கண்டி மன்னருக்குரியதாயிருந்த ஹங்குராங்கெத்தைத் தோட்டத்தை 1830களின் பிற்பகுதியில் வாங்கிக் கோப்பி பயிரிட்ட இவர், இலங்கையர்களுள் முன்னோடியான தோட்ட உரிமையாளராக விளங்கினார். அவரது குடும்பம் மருத்துவத்துக்கும் கல்விக்கும் வாரி வழங்கியதை நாடறியும். அச்செல்வத்தின் ஒரு பகுதி உழைப்பாளரின் நாட்கூலியிலிருந்து சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்ததென்பதும் அதே வரலாற்றின் மறுபக்கமாகும்.

தவறணை உழைப்பவனுக்கு, ஹோட்டல் மதுச்சாலை துரைமாருக்கு என இரு வேறு உலகங்கள் அன்று இருந்தன. தலதா மாளிகைக்கு அண்மையில் நிற்கும் குயின்ஸ் ஹோட்டல் போன்ற இடங்களில் தோட்டத் துரைமார் கூடினர். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றியபோது, பேராதனைப் பூந்தோட்டமே படை அலுவலகமாயிற்று. நகரின் ஹோட்டல்கள் படையதிகாரிகளால் நிறைந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேனாட்டார் விருந்துகளில் பெயர்பெற்ற 'பஞ்ச்' என்னும் கலவை மது, சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், வாசனைப் பொருள் என ஐந்தும் சேர்ந்ததனால் 'பஞ்ச' என்னும் நம் நாட்டுச் சொல்லிலிருந்தே அப்பெயர் பெற்றதென மொழியறிஞர் பலர் கருதுவர். துரை பருகிய கிண்ணத்திலும் தொழிலாளி பருகிய சிரட்டையிலும் கீழைநாட்டுச் சரக்கே இருந்தது. இருந்த இடமே வேறு.

இனி, இரண்டாவது மதிப்பீட்டுக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியது. ஆனால், கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனிக் கடைகள் என ஏற்பட்டபோது, கள்ளுத் தவறணைகள் ஊரெங்கும் முளைத்தன. மக்கள் கொதித்தெழுந்தனர், மதுவிலக்குச் சங்கங்கள் தோன்றின. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தை அடுத்து, அவ்வியக்கத்தின் தலைவர்கள் பலரைக் குடியேற்ற அரசாங்கம் சிறையிட்டது. எனினும் இயக்கம் மடியவில்லை. தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை அவ்வூர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை பின்னர் நடைமுறைக்கு வந்தது. 1920களில் பல ஊர்களில் சாராயத் தவறணைகள் மூடப்பட்டன. கச்சேரியில் பணத்தால் மதிப்பிடப்பட்ட தவறணை, இப்போது அதன் அயலில் வாழ்ந்தவர்களால் மதிப்பிடப்பட்டது.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் கண்டிக்கும் மலைநாட்டுக்கும் சென்றார். தோட்டத் தொழிலாளரிடையே பேசுகையில் குடியைக் கைவிடுமாறு அவர்களை இரந்து வேண்டினார். கடை மூடினால் மட்டும் குடி ஒழியாது, குடிப்பவன் மனமும் மாற வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். தவறணை மூடிய இடங்களிற் சில, களவாக வடிக்கும் கசிப்பின் கைக்குப் போனதை இந்நாடு பின்னர் கண்டது.

இன்று பௌர்ணமிப் போயா நாட்களில் நாடெங்கும் மதுச்சாலைகள் மூடப்படுகின்றன. 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதையும், மதுவுக்கு விளம்பரம் செய்வதையும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மதுவரியோ இன்றும் அரசிறையின் முக்கிய ஊற்றுகளுள் ஒன்றாகவே இருக்கிறது.

ஆகவே, மதுச்சாலைகளுக்குப் புள்ளியிடும் நண்பர்களிடம் ஒன்று கூறலாம். கண்டி ஹோட்டலொன்றின் மாடத்திலிருந்து மாலைவேளையில் நோக்கினால் ஹந்தானை மலைச்சரிவு தெரியும். அம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் நம்மவர் லயன்களில் வாழ்கின்றனர். ஏலத்தின் காலத்தில் ஒரு தவறணையின் விலையைத் தம் கூலியால் செலுத்தியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களிற் பலர். சுவைக்கும் அழகுக்கும் பணிவுக்கும் புள்ளியிட்ட பின்பு, இந்தக் கிண்ணத்தின் விலையை உண்மையில் யார் செலுத்துகின்றனர் என்ற வினாவுக்கும் தாளில் ஓரிடம் ஒதுக்குவது தகும்.