சுவிட்ச் போர்டும் புத்தக அலமாரியும்: ஒரு சுவரின் கதை

புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் பலரும் ஒரு நாள் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. ஆறடி உயரப் புத்தக அலமாரி வந்து இறங்கியாகிவிட்டது. நாலு பேர் பிடித்துத் தூக்கிப்போய்ச் சுவரில் சாத்தினால், சரியாக நடுவில் சுவிட்ச் போர்டு! எதிர்ச் சுவரில் ஜன்னல், பக்கத்துச் சுவரில் கதவு, மிச்சமிருக்கும் சுவரில் டிவி. இனி சுவிட்சை மறைப்பதா, புத்தகங்களைக் குறைப்பதா?

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தச் சண்டையே கிடையாது. ஏன் கிடையாது என்று தேடிப்போனால் கதை மேட்டூர் அணை, ஏற்காடு மலை, சங்ககிரி சிமென்ட் என்று எங்கெங்கோ சுற்றுகிறது.

முதலில் புத்தகம். ஓலைச்சுவடிக்கு அலமாரி தேவைப்படவில்லை. துணியில் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். அச்சுப் புத்தகம் அப்படியல்ல, நிமிர்ந்து நிற்கப் பலகை வேண்டும். ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நகர்ந்த கதையில் சேலத்துக்காரர் ஒருவருக்கும் பெரிய பங்கு உண்டு. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார்தான் 1880-ல் உ.வே.சாமிநாதையரைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பிவிட்டவர். 1887-ல் அது அச்சாகி வெளிவந்தது. இப்படி அச்சான நூல்கள் வீடுகளுக்குள் வர வர, அவற்றுக்குச் சுவரில் இடம் வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்து மண் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். அதனால் எதையும் சுவருக்கு முன்னால் வைக்க வேண்டியதில்லை, சுவருக்குள்ளேயே வைக்கலாம். வாசல் பக்கத்தில் விளக்குக்கு ஒரு மாடம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பெரிய குழிவு, அதில் பலகைகள், முன்னால் இரட்டைக் கதவு. அதுதான் அலமாரி. (அலமாரி என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் தந்தது!) ஒளிக்கும் புத்தகத்துக்கும் தனித்தனி இடம், ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை.

காகிதத்துக்குப் பக்கத்தில் நெருப்பு என்பது எல்லா ஊரிலும் பயம்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வாசிப்பு அறையில் அந்தப் பயத்தாலேயே எரிவாயு விளக்கை விடவில்லை. இருட்டினால் வாசகர்கள் எழுந்து போக வேண்டும். 1879-ல் மின்விளக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

நம்ம ஊருக்கு வருவோம். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. மின்சாரம் வந்த பழைய வீடுகளில் சுவரை யாரும் உடைக்கவில்லை. தேக்குப் பட்டையைச் சுவரில் அடித்து, அதன் மேல் ஒயரைக் கிளிப் போட்டு ஓட்டினார்கள். கீழே மரப்பெட்டி, அதில் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச். சுவிட்ச் என்றதும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சுவிட்சை மெதுவாகப் பிரித்தால் உள்ளே தீப்பொறி பறந்து உலோகம் கருகும். இதைத் தவிர்க்க 1884-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் ‘டக்’கென்று பிரியும் சுவிட்சைக் கண்டுபிடித்தார். நம் வீட்டில் கேட்கும் அந்த ‘டக்’ சத்தம் அவர் தந்ததுதான். கீழே அழுத்தினால் ‘ஆன்’ என்ற வழக்கமும் பிரிட்டிஷ்காரர்களுடையதே.

பட்டை ஒயரிங் பார்க்க அழகில்லை, உண்மைதான். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. ஒயர் எங்கே போகிறது என்று சின்னப் பையனுக்கும் தெரியும். அதன் மேல் யாரும் அலமாரியைச் சாத்த மாட்டார்கள், சாத்தினாலும் ஒட்டி நிற்காது.

சிக்கல் பிறகுதான் ஆரம்பம். 1960-களில் சங்ககிரியில் சிமென்ட் ஆலை வந்தது. செங்கல், சிமென்ட் வீடு பெருகப் பெருகச் சுவர் ஒன்பது அங்குலமாக மெலிந்தது. மாடம் போயிற்று. சுவர் அலமாரி கடப்பா கல் செல்ஃபாகச் சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. ஒயர் குழாய்க்குள் புகுந்து பூச்சுக்குள் மறைந்தது. புத்தகத்துக்குத் தனி மர அலமாரி, இரும்பு பீரோ என்று சுவருக்கு வெளியே தேட வேண்டிய நிலை.

இன்னொரு மாற்றமும் அதே காலத்தில் நடந்தது. செம்பு கிடைப்பது அரிதானதால் வீட்டு ஒயரிங்குக்கு அலுமினியம் புகுந்தது. அலுமினியத்தைப் பிரித்தெடுக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும். மேட்டூரில் மின்சாரமும் உண்டு, பக்கத்துச் சேர்வராயன் மலையில் பாக்சைட்டும் உண்டு. 1965-ல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 2008-ல் உருக்காலை நின்றுபோனது.

அலுமினிய ஒயரில் ஒரு குணம் உண்டு. திருகாணியின் அழுத்தத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொடுக்கும். மேலே ஆக்சைடு படலமும் படியும். சில வருடங்களில் இணைப்பு தளர்ந்து சூடாகும். திறந்த சுவரில் என்றால் விளக்கு மினுக்கும், சுவிட்ச் பழுப்பாகும், தீய்ந்த வாடை வரும், யாராவது கவனித்துவிடுவார்கள். ஆறடி அலமாரிக்குப் பின்னால் நடந்தால்? முன்னால் இருப்பது பிளைவுட்டும் காகிதமும்! பழைய ஒயரிங் உள்ள வீட்டில் போர்டை மறைத்து அலமாரி வைப்பது இதனால்தான் வெறும் வசதிக் குறைவு மட்டுமல்ல.

நூலகக் கட்டடங்களில் இந்தத் தொல்லை குறைவு. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் காட்டிய வழியில் அடுக்குகள் சுவருக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். ஏணி இல்லாமல் எட்டும் உயரம், நடுவே நடைபாதை, சுவர் சும்மா இருக்கும். ஆனால் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்து ஊர் ஊராக நூலகம் திறந்தபோது, எல்லா ஊரிலும் அப்படிக் கட்டடம் கட்ட முடியுமா என்ன? நாமக்கல்லில் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடே நினைவு இல்லமாகி, நூலகமாக இயங்குகிறது. குடும்பம் வாழக் கட்டிய சுவருக்குள் நூலகம் குடியேறினால், சுவருக்கும் புத்தகத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்தே ஆக வேண்டும்.

வீட்டில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, அலமாரியின் பின்பலகையில் போர்டு அளவுக்குச் சதுரம் வெட்டி, அந்தத் தட்டில் அந்த இடத்தை மட்டும் காலியாக விடுவது. இது மலிவு, ஆனால் நாளடைவில் அங்கேயும் ஒரு புத்தகம் ஏறிவிடும்! இரண்டாவது, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் போர்டையே நகர்த்துவது. இதில் பழைய பெட்டிக்குள் ஒயரை ஒட்டுப்போட்டு, மேலே பூசி மூடிவிடுவார்கள். அதை விடக்கூடாது, ஒட்டு இருக்கும் இடம் என்றைக்கும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். மூன்றாவது, ஓர் அகல அலமாரிக்குப் பதில் இரண்டு ஒல்லி அலமாரிகளைப் போர்டுக்கு இருபுறமும் நிறுத்துவது. கொஞ்சம் இடம் வீண், ஆனால் மூன்றிலும் நல்லது இதுதான். பழைய மண் சுவரில் இருந்த ஏற்பாடும் ஏறக்குறைய இதேதான்.

அந்தப் பழைய வீடுகளில் சிலவற்றில் சுவிட்ச் பெட்டி விளக்கு மாடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இருட்டில் உள்ளே நுழைகிறவர் கை முதலில் தேடும் இடம் அது. மாடத்தில் இப்போது அகல் இல்லை, செல்போன் சார்ஜர் இருக்கிறது.