சூரியன் கணக்கு

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது திருவெள்ளறை. அங்கே வெண்பாறையின் மேல் கோயில் கொண்டிருக்கும் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க இரண்டு வாசல்கள் உண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஒன்று திறந்தால் மற்றது அடைபடும். கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலிலும் இந்த வழக்கம் உண்டு. சூரியன் திசை திரும்பினால் பெருமாள் வீட்டிலும் வழி மாறுகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஓர் ஆனந்தம்.

இந்தக் கணக்கில் சூரியன் சொன்ன சொல் தவறாத பெரிய மனிதர். ஆனால் அவருக்குக் கோபமும் வரும். அதை நம் பக்கத்தில் ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு பஞ்சம்.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். சூரியனிலுள்ள கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற கேள்வி அதன் பிறகு வலுத்தது. கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட அது ஒரு முக்கிய காரணம். மழையின் ரகசியம் என்னவோ பிடிபடவில்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை அங்கே கண்டுபிடித்தார். மலை மேல் மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்தார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று ஒரு குடியானவன் கேட்டிருந்தால் பதில் சொல்வது சிரமம்தான்.

பதில் 1972-ல் வந்தது. ஏப்ரலில் அப்பல்லோ 16 சந்திரனுக்குப் போய்த் திரும்பியது. டிசம்பரில் அப்பல்லோ 17 கிளம்பியது. இரண்டுக்கும் நடுவே, ஆகஸ்டு 4-ந் தேதி, சூரியன் சீறியது. அதிலிருந்து புறப்பட்ட புரோட்டான் துகள்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. பூமியில் நமக்குக் காந்த மண்டலமும் காற்றுப் போர்வையும் கவசம். சந்திரனில் நடப்பவனுக்கு அங்கி ஒன்றுதான். அன்று யாராவது அங்கே வெளியில் நின்றிருந்தால் வாந்தியும் ரத்தக் கேடுமாகக் கடும் நோயில் விழுந்திருப்பார்கள், உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். சில மாத இடைவெளி அவர்களைக் காப்பாற்றியது. அதற்கு அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்குப் போக மட்டும் ஆறேழு மாதம் ஆகும். அத்தனை நாளும் அதிர்ஷ்டத்தை நம்பிப் பிரயாணம் செய்ய முடியுமா? கப்பலின் நடுவில் தண்ணீரையும் உணவுப் பொதிகளையும் சுற்றி அடுக்கி, புயல் அடிக்கும்போது பதுங்க ஓர் அறை அமைக்கலாம் என்கிறார்கள். ஆனால் பதுங்கச் சொல்லி யாராவது முன்கூட்டிக் குரல் கொடுக்க வேண்டுமே! வேகமான துகள்கள் அரை மணிக்குள் வந்துவிடக் கூடியவை.

அதற்காகவும்தான் 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அது சூரியனைக் கண் கொட்டாமல் கவனிக்கிறது. கொடைக்கானலில் சேர்ந்த நூறாண்டுப் படங்களோ, சூரியனுடைய பழைய சுபாவத்தைச் சொல்லும் ஜாதகமாக இருக்கின்றன.

சோற்றுக்கு வழி தேடித் தொடங்கிய வேலை இது. என்றோ ஒரு நாள், பிறந்த பூமியை விட்டு வெகு தூரம் போன ஒருவனைச் சரியான நேரத்தில் அறைக்குள் கூப்பிட அது உதவுமானால், அந்த மலை மேல் கழிந்த பகல்களில் ஒன்றுகூட வீணில்லை.