நாலு நிமிசத்துக்குள் யாழ்தேவி

வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு டிஜிட்டல் கதை செய்யவேண்டும் என்று வந்தபோது நாங்கள் வடக்கு ரயில் பாதையைத் தெரிவு செய்தோம். டிஜிட்டல் கதை எண்டால் பெரிய ஆவணப்படம் இல்லை. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் டேனா அட்ச்லி, ஜோ லாம்பர்ட் போன்றவர்கள் பட்டறைகள் நடத்தி வளர்த்தெடுத்த வடிவம் அது. கொஞ்சப் படங்கள், ஒரு குரல், கொஞ்ச இசை, மூன்று நாலு நிமிசம். அவ்வளவுதான். காசும் கமராவும் இல்லாத சாதாரண ஆட்கள் தங்கட கதையைத் தாங்களே சொல்லவேணும் என்பதுதான் அதன் அடிப்படை. கேட்க லேசாக இருக்கும். ஆனால் எங்கட ஊர் வரலாற்றுக்குப் படம் தேட வெளிக்கிட்டால் முதலில் வருகிற கேள்வி வேறு: எது மிஞ்சியிருக்கு, ஆரிட்ட மிஞ்சியிருக்கு?

பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது. 1905 இல் யாழ்ப்பாணம் கொழும்போடு இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. கொழும்பில் வேலை பார்த்த அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் படிக்கப்போன பிள்ளைகளுக்கும் ஊருக்கும் தலைநகருக்கும் நடுவில் இருந்த பாலம் அதுதான். 1985 ஜனவரியில் இராணுவத்தினர் பயணம் செய்த யாழ்தேவி முறிகண்டிக்குக் கிட்ட குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் அடிக்கப் போயின. 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதிதான் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் போனது. இடையில் 24 வருசம்.

படங்கள்

தேடத் தொடங்கியதும் ஒன்று விளங்கியது. பிரித்தானியர் காலத்து ஸ்டேசன் படங்கள் கிடைக்கும். அவை ஆட்சியாளர் தாங்கள் கட்டினதைக் காட்ட எடுத்த படங்கள். கட்டடம் தெளிவாக இருக்கும், ஆட்கள் புள்ளி புள்ளியாக நிற்பார்கள். 2009 க்குப் பிறகு வந்தவர்கள் எடுத்த, கூரை இல்லாத, சுவரெல்லாம் சன்னம் பட்ட யாழ்ப்பாண ஸ்டேசன் படங்களும் நிறைய இருக்கு. நடுவில் அந்த ரயிலில் ஏறி இறங்கின சனத்தின் படங்கள்தான் இல்லை.

ஏன் இல்லை என்பதுவும் வரலாறுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அப்ப கையில் எடுத்தது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, பிள்ளையளுக்குச் சாப்பாடு. அல்பம் பாரம். திரும்பிவந்து பார்த்தவர்களில் பலருக்கு வீடே இல்லை, அல்பம் எங்கே இருக்கப்போகுது?

பாதை மூடியிருந்த காலத்தில் சனம் கிளாலிக் கடலேரியால், இரவில், வள்ளத்தில் போய்வந்தது. வெளிச்சம் தெரிந்தால் உயிர் போகும் பயணம் அது. அந்த இருட்டில் ஆர் படம் எடுப்பது? வேறெங்கேயோ எடுத்த வள்ளப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் போடலாம் என்று ஒரு யோசனை எங்களுக்குள் வந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாதுதான். ஆனால் நாளைக்கு ஆரும் அதை எடுத்து 'இதுதான் கிளாலி' எண்டு பகிர்ந்தால், பொய்க்கு நாங்கள்தான் முதல் சாட்சி. அதால அந்த இடத்தில் திரையை 30 செக்கன் கறுப்பாகவே விட்டோம். குரல் மட்டும் கேட்கும். படம் இல்லை என்பதுவும் ஒரு தகவல்.

குரல்

நாங்கள் பேச்சுப் பதிவு செய்த பெரியவர்கள் எல்லோரும் ரயிலைப் பற்றி ஆசையோடுதான் கதைத்தார்கள். வடை வாசம், பளையில் நிக்கிற நேரம், வெள்ளிக்கிழமைக் கூட்டம். இதை அப்படியே அடுக்கினால் அழகான கதை வரும்: ரயில் இருந்தது, நின்றது, திரும்ப வந்தது. முடிவும் சந்தோசமான முடிவு.

அந்த ஒழுங்கைக் குழப்பினது ஒரு வட்ஸ்அப் குரல் பதிவு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, இப்ப புத்தளத்தில் இருக்கிற ஒரு அம்மா அனுப்பினது. அவவும் சின்ன வயதில் யாழ்தேவியில் போனவதான். ஆனால் அவவுக்கு 1990 எண்டால் ரயில் நின்ற வருசம் இல்லை. ஒக்ரோபர் மாதம் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றின வருசம். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் போன நாள் ஒக்ரோபர் 30. சரியாக அஞ்சு வருசம் கழித்து, அதே திகதியில், வலிகாமத்துத் தமிழ்ச்சனம் நடந்தது.

இதைச் சேர்த்தால் கதை நீண்டுவிடும், டிஜிட்டல் கதைக்குச் சுருக்கம்தான் முக்கியம் என்று எங்களில் ஒரு பகுதி சொன்னது. சுருக்கம் முக்கியம்தான். ஆனால் சுருக்கும்போது எப்பவும் ஒரே ஆட்களே வெட்டுப்படுகிறார்கள் எண்டால் அதைச் சுருக்கம் என்று சொல்ல ஏலாது. 'ரயில் வந்தது, எல்லாரும் வந்தம்' என்று முடிக்கிற ஒரு கதையில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லை. அதால வடை வாசத்தைக் குறைத்து அவவுக்கு 40 செக்கன் வைத்தோம். அவவின் பேச்சை எங்களில் ஒருவர் வானொலித் தமிழில் திருப்பி வாசிக்கவும் இல்லை. பதிவில் பின்னால் கேட்கிற மின்விசிறிச் சத்தத்தோடு அவவின்ர குரலேதான் வருகிறது.

இசை

மூன்றிலும் கூடச் சண்டை பிடித்தது இசைக்குத்தான். சினிமாப் பின்னணி இசை போட ஏலாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருசமும் உரிமை இருக்கு. சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சோக வயலினைப் போட்டவுடனே, பார்க்கிறவர் எங்கே அழவேணும் எண்டு நாங்களே முடிவெடுத்து விடுகிறோம். பிறகு ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம்.

அதால இசைக்குப் பதிலாக அந்தந்தக் காலத்தின் சத்தத்தைத் தேடினோம். எழுபதுகளுக்கு, ரயில் பெட்டிக்குள் கைதட்டிப் பாடுகிற பைலாத் தாளம். நித்தி கனகரத்தினம் போன்றவர்களின் பொப் பாட்டுகள் ஓடின காலத்துத் தாளம். பதிவை எடுக்காமல் நாங்களே மேசையில் தட்டிப் பதிந்தோம். 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சனம் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டது. அந்தச் 'சொர்ர்' சத்தம்தான் எங்கட கதையில் அந்த வருசங்களின் இசை. ஒரு பழைய சைக்கிளை இரவல் வாங்கிப் பதிந்தோம். கேட்டவுடனே பெரியவர்களின் முகம் மாறினதைப் பார்த்தோம். எந்த வயலினும் அதைச் செய்திருக்காது.

இதைப்போல ஒன்று செய்ய நினைக்கிறவர்களுக்கு இரண்டு விசயம். பழைய படத்தைப் போனில் பிடிக்கும்போது பின்பக்கத்தையும் பிடியுங்கோ; ஸ்டூடியோ முத்திரை, திகதி, பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். வெட்டின கதையை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பதிவுகளை அழிக்காதேயுங்கோ. சம்மதம் கேட்டு, ஆர், எங்கே, எந்த வருசம் என்று எழுதி, நூலகம் போன்ற எண்ணிம ஆவணகங்களுக்குக் கொடுக்கலாம். எங்கட கதை நாலு நிமிசம்தான். அதுக்குள்ள வராத குரல்கள் மணித்தியாலக் கணக்கில் இருக்கு. எங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைகள் வேறொரு கேள்வியோடு வந்தால், அவர்களுக்குத் தேவைப்படப் போவது அந்த மிச்சம்தான்.