கொண்டையைப் பார்த்துக் குலம் சொல்ல முடியுமா?

அடைவைத்த முட்டைகளிலிருந்து தாய்க்கும் சேவலுக்கும் இல்லாத கொண்டையோடு ஒரு குஞ்சு வந்தால், "இது கலப்பு" என்று முதலில் கறிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஊர்க்கோழி வளர்ப்பவர்கள் பலர் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் பேடு வேலி தாண்டாமலே அப்படியொரு குஞ்சு பிறக்கலாம்.

கோழிக் கொண்டையில் நான்கு வடிவங்கள் முக்கியமானவை. அரம்போல் நிமிர்ந்து நிற்பது ஒற்றைக் கொண்டை. தட்டையாக, சிறு முகிழ்களோடு இருப்பது ரோசாக் கொண்டை. மூன்று தாழ்ந்த வரிகளாக இருப்பது பட்டாணிக் கொண்டை. நான்காவது, வால்நட் பருப்பைப் போன்ற வால்நட் கொண்டை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேற்சனும் ரெஜினால்ட் புனற்றும் தூய ரோசாக் கொண்டைக் கோழியையும் தூய பட்டாணிக் கொண்டைக் கோழியையும் இணைத்தார்கள். பிறந்தவை எல்லாமே வால்நட் கொண்டை. அவற்றைத் தமக்குள் இணைத்தபோது நான்கு வகையும் வந்தன: 16இல் சராசரியாக 9 வால்நட், 3 ரோசா, 3 பட்டாணி, 1 ஒற்றை.

காரணம், கொண்டையை இங்கே தீர்மானிப்பது ஒன்றல்ல, இரண்டு பரம்பரையலகுகள். இரண்டிலும் ஆட்சியான வடிவம் இருந்தால் வால்நட். ஒன்றில் மட்டும் இருந்தால் ரோசா அல்லது பட்டாணி. இரண்டிலும் இல்லாவிட்டால் ஒற்றை. பத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரிக்கும் ஓர் அடையில் அந்த ஒற்றை வராமலே போகலாம். அதனால்தான் எப்போதாவது வரும்போது அந்நியமாகத் தெரிகிறது.

இறகு நிறத்திலும் இதுதான் கதை. வெள்ளை லெகோர்னில் ஒரு பரம்பரையலகு கறுப்பு நிறமியைத் தடுத்துவிடுகிறது. நிறத்துக்குரிய மற்ற அலகுகள் உள்ளே இருந்தும் வெளியே தெரிவதில்லை.

ரோசாக் கொண்டைக்குக் காரணம் ஏழாவது நிறமூர்த்தத்தின் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பது என்று 2012இல் கண்டறியப்பட்டது. அந்தத் திருப்பம் இன்னொரு பரம்பரையலகையும் குலைக்கிறது. அதனால், தாயிடமும் தந்தையிடமும் இருந்து ரோசா அலகைப் பெற்ற சேவல்களில் விந்தணுக்களின் அசைவு குறைந்து, கருக்கட்டாத முட்டைகள் கூடலாம். ஒரு ரோசா அலகு மட்டுமுள்ள சேவலுக்கு இந்தக் குறை இல்லை.

எனவே அழகுக்காக ரோசாக் கொண்டையை மட்டுமே தெரிந்து வளர்ப்பவர், மெல்ல மெல்லப் பொரிக்கும் குஞ்சுகளை இழக்கக்கூடும். ஒதுக்கப்படும் அந்த ஒற்றைக் கொண்டைச் சேவல்தான் பட்டிக்குத் தேவையானதாக இருக்கலாம். கறிக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது கொண்டையைவிட, எந்தச் சேவலோடு சேர்ந்த பேட்டின் முட்டைகள் நன்றாகப் பொரிக்கின்றன என்று எழுதி வைத்திருக்கும் கொப்பியே நல்ல வழிகாட்டி.