விலகாத எலும்பு

பாடியில் சி.டி.எச். ரோட்டைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டே இருந்தால் அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், திருத்தணி எல்லாம் தாண்டி ஆந்திராவில் புத்தூர் வரும். அந்த ஊர் மதராஸ் மாகாணத்தில் இருந்தபோது, 1881இல், கேசவ ராஜு என்பவர் அங்கே எலும்பு முறிவுக்குப் பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்ட ஆரம்பித்தார் என்கிறார்கள். இன்று நான் வேலைக்குப் போகிற வழியெங்கும் ‘புத்தூர் கட்டு’ போர்டுகள். அதே போர்டில் கீழே சின்னதாக: முதுகு வலி, டிஸ்க் விலகல்.

புத்தூருக்குப் பதினாலு வருஷம் கழித்து, 1895இல், அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பாமர், காது மந்தமான ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பில் துருத்திய இடத்தை அழுத்தினார். காது கேட்டுவிட்டது என்றார் பாமர். முதுகுக்கும் காதுக்கும் என்னய்யா சம்பந்தம்? எலும்பு விலகி நரம்பை நசுக்குவதுதான் நோய்களுக்கெல்லாம் வேர் என்பது அவர் கொள்கை. கைரோபிராக்டிக் பிறந்த கதை இது. 1906இல் உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக ஜெயிலுக்கும் போனார். அவர் வழிவந்தவர்கள் கல்லூரி கட்டினார்கள், வழக்காடினார்கள். 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே கோர்ட்டில் அவர்களிடம் தோற்றது. நம்மூர்க் கட்டு குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்தது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு வார்த்தை உண்டு: ‘விலகிடுச்சு’. முறிந்த கையில் எலும்பு நிஜமாகவே விலகும். கட்டுக்காரர் சம்பாதித்த நம்பிக்கை அங்கே கிடைத்தது. அதை அப்படியே முதுகுக்கு மாற்றியதில்தான் எனக்குச் சண்டை. லேத்தில் நின்றவருக்கும், என்னைப் போல லேப்டாப்பில் குனிந்தவருக்கும் பெரும்பாலும் எதுவும் விலகியிருக்காது. சொடக்குச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழி சம்பந்தப்பட்டது. எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தம் இல்லை. ஆஸ்பத்திரிகளும் இந்தப் பயத்துக்குத் தீனி போட்டன. 1934இல் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதைக் காட்டினார்கள், சரி. ஆனால் 1994இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது!

நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் இடம்பெற்றது. பாமர் சிரித்திருப்பார். வேண்டாம் என்ற பட்டியலில் இருப்பவை டிராக்‌ஷனும், மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் அந்த இடுப்பு பெல்ட்டும். கால் மரத்துப்போய் ஒன்றுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் மட்டும் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், அன்றைக்கே பெரியாஸ்பத்திரி.