கேம் கன்சோல்களின் அதிவேகச் சேமிப்பகம்: கணினி விளையாட்டுகளின் போக்கை மாற்றுவது எப்படி?

புதுதில்லி: வீடியோ கேம் கன்சோல்களில் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டின் இடத்தை எஸ்எஸ்டி எனப்படும் அதிவேகச் சேமிப்பகம் பிடித்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த மாற்றத்தின் தாக்கம் இப்போது கணினி விளையாட்டுகளிலும் வெளிப்படையாகத் தெரிகிறது. பெரிய விளையாட்டுகள் பலவற்றின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் இருந்து வன்தட்டு நீக்கப்பட்டு வருகிறது. அதே வேளையில், நினைவகச் சில்லுகளின் விலை உயர்வால் பழைய கணினியை மேம்படுத்துவதற்கான செலவும் கூடியுள்ளது.

கன்சோல்களில் நிகழ்ந்த மாற்றம் என்ன, அது கணினியை எட்டுவதற்கு ஏன் காலதாமதம் ஆனது, கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை எவை என்பன குறித்த விளக்கம் வருமாறு:

வன்தட்டு விதித்த வரம்பு

வன்தட்டு என்பது சுழலும் தட்டும், அதன் மீது நகரும் முனையும் கொண்ட இயந்திரக் கருவி. ஓரிடத்தில் உள்ள தரவைப் படித்த பின்னர் மற்றோர் இடத்துக்கு முனை நகர வேண்டும். தரவு சிதறிக் கிடந்தால் படிக்கும் நேரத்தைவிட நகரும் நேரமே அதிகமாகிவிடும். 2013-இல் வெளியான பிளேஸ்டேஷன் 4 கன்சோலின் வன்தட்டு, நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரையிலான தரவை மட்டுமே வழங்க முடிந்தது.

இந்த வரம்பு, விளையாட்டுகளின் வடிவமைப்பையே தீர்மானித்தது. ஒரு பகுதியில் இருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லும் வழியில் நீண்ட குறுகலான பாதைகளும், மெதுவாக நகரும் மின்தூக்கிகளும் வைக்கப்பட்டன. 2007-இல் வெளியான 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் மின்தூக்கிக் காட்சிகள் இதற்குப் பெயர் பெற்றவை. அடுத்த பகுதிக்கான தரவு ஏற்றப்படும் வரை விளையாடுபவரைக் காத்திருக்க வைப்பதே அவற்றின் உண்மையான பணி.

மற்றோர் உத்தி, ஒரே தரவைப் பல இடங்களில் நகலெடுத்து வைப்பது. தெருவோர அஞ்சல் பெட்டி போன்ற ஒரு பொருள் நகரின் பல பகுதிகளில் தோன்றுமானால், ஒவ்வொரு பகுதியின் தரவுடனும் அதன் நகல் ஒன்று சேர்க்கப்படும். முனை அதிகம் நகர வேண்டியதில்லை. 'ஸ்பைடர்மேன்' விளையாட்டில் சில தரவுகள் வன்தட்டில் 400 முறை வரை நகலெடுக்கப்பட்டிருந்ததாக, பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் முதன்மை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில் தெரிவித்தார்.

2020-இல் நிகழ்ந்த மாற்றம்

2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய கன்சோல்களும், சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலும் சில நாள்கள் இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி ரூ.49,990 விலையில் அறிமுகமானது. இவை அனைத்திலும் எஸ்எஸ்டி நிலையான அங்கமாக இடம்பெற்றது.

முக்கிய விவரங்கள்:

- பிளேஸ்டேஷன் 5: 825 ஜிபி எஸ்எஸ்டி. வேகம் நொடிக்கு 5.5 ஜிபி, சுருக்கப்பட்ட தரவானால் பொதுவாக 8 முதல் 9 ஜிபி வரை.

- எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்: 1 டிபி எஸ்எஸ்டி. வேகம் நொடிக்கு 2.4 ஜிபி, சுருக்கப்பட்ட தரவானால் 4.8 ஜிபி.

- எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: 512 ஜிபி எஸ்எஸ்டி. வேகம் சீரிஸ் எக்ஸ் கன்சோலுக்கு இணையானது.

பிளேஸ்டேஷன் 5-இன் நினைவகம் 16 ஜிபி. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் அதை நிரப்ப இரண்டரை நிமிடங்களுக்கும் மேலாகும். புதிய எஸ்எஸ்டி அதே பணியை ஏறத்தாழ மூன்று நொடிகளில் முடித்துவிடும். விளையாடுபவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவருக்குப் பின்னால் உள்ள காட்சியை ஏற்றிவிட முடியும் என்பதே இதன் பொருள்.

வேகம் மட்டும் போதாது

எஸ்எஸ்டி கணினிகளுக்குப் புதிதன்று. கன்சோல்களுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கணினிகளில் அது பயன்பாட்டில் உள்ளது. ஆயினும், வன்தட்டில் இருந்து எஸ்எஸ்டிக்கு மாறியவர்களின் கணினியில் காத்திருப்பு நேரம் குறைந்ததே தவிர, விளையாட்டுகளின் வடிவமைப்பு மாறவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, தரவு செல்லும் பாதை. விளையாட்டுத் தரவுகள் இடத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் சுருக்கி வைக்கப்படுகின்றன. அவற்றை விரித்த பின்னரே பயன்படுத்த முடியும். கணினியில் இப்பணியை மத்திய செயலியே செய்து வந்தது. எஸ்எஸ்டி வேகமாகத் தரவை அனுப்பினாலும், அதை விரிக்கும் வேலையில் செயலி திணறியது. பிளேஸ்டேஷன் 5-இல் இப்பணிக்கெனத் தனி வன்பொருள் அமைக்கப்பட்டது. அந்த வன்பொருள் ஆற்றும் வேலையைச் செயலியிடம் ஒப்படைத்தால், அக்கன்சோலில் உள்ளதைப் போன்ற ஒன்பது கோர்கள் தேவைப்படும் என்று செர்னி குறிப்பிட்டார். அக்கன்சோலில் உள்ள மொத்தக் கோர்களின் எண்ணிக்கையே எட்டுதான் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது காரணம் பொதுமை. குறிப்பிட்ட கன்சோலை வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே வேகம் கொண்ட எஸ்எஸ்டி இருப்பது உறுதி. எனவே உருவாக்குநர் அதை நம்பி விளையாட்டை வடிவமைக்கலாம். கணினியில் அத்தகைய உறுதி இல்லை. ஒருவரிடம் நொடிக்கு 14 ஜிபி வேகம் கொண்ட புதிய எஸ்எஸ்டி இருக்கலாம். மற்றொருவரிடம் பத்தாண்டு பழைமையான வன்தட்டு இருக்கலாம். இருவருக்கும் ஒரே விளையாட்டை விற்க வேண்டுமெனில், வேகம் குறைந்தவரைக் கருத்தில் கொண்டே அதை அமைக்க வேண்டியிருக்கும். உச்ச வேகத்தைவிட, அனைவரிடமும் இருக்கும் குறைந்தபட்ச வேகமே விளையாட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. கன்சோல்கள் மாற்றியது அந்தக் குறைந்தபட்சத்தைத்தான்.

கணினிக்கு வந்த 'டைரக்ட்ஸ்டோரேஜ்'

பாதையைச் சீரமைக்கும் முயற்சியை மைக்ரோசாஃப்ட் மேற்கொண்டது. எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காக உருவாக்கப்பட்ட 'டைரக்ட்ஸ்டோரேஜ்' தொழில்நுட்பம் விண்டோஸ் கணினிகளுக்கும் கொண்டுவரப்படும் என 2020 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. உருவாக்குநர்களுக்கான முதல் பதிப்பு 2022 மார்ச்சில் வெளியானது.

விண்டோஸின் பழைய கோப்பு முறை, நொடிக்குச் சில நூறு கோரிக்கைகளைக் கையாளும் சூழலில் சிக்கலின்றி இயங்கியது. புதிய விளையாட்டுகளோ நொடிக்குப் பல்லாயிரம் சிறு கோரிக்கைகளை அனுப்பக்கூடியவை. அவற்றைத் தொகுத்து, செயலியின் சுமையைக் குறைப்பது டைரக்ட்ஸ்டோரேஜின் முதல் பணி. 2022 நவம்பரில் வெளியான 1.1 பதிப்பில், சுருக்கப்பட்ட தரவைக் கிராபிக்ஸ் அட்டையிலேயே விரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

எனினும், கன்சோலில் உள்ள தனி வன்பொருளுக்கு இது முழுமையான மாற்று அன்று. தரவை விரிக்கும் நேரத்தில், காட்சிகளை வரைவதற்கான கிராபிக்ஸ் அட்டையின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. ஆற்றல் குறைந்த அட்டைகளில் இதன் விளைவு கூடுதலாகத் தெரியக்கூடும். 2023 ஜனவரியில் வெளியான 'ஃபோர்ஸ்போக்கன்' இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய முதல் கணினி விளையாட்டாகும். அதன் பின்னரும் இதைப் பயன்படுத்தும் விளையாட்டுகளின் எண்ணிக்கை மெதுவாகவே உயர்ந்து வருகிறது.

'ராட்செட் அண்ட் கிளாங்க்' அளித்த பாடம்

2021 ஜூனில் பிளேஸ்டேஷன் 5-க்கு மட்டும் வெளியான 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டில், ஓர் உலகில் இருந்து மற்றோர் உலகுக்குக் கண நேரத்தில் தாவும் காட்சிகள் இடம்பெற்றன. எஸ்எஸ்டியின் ஆற்றலுக்குச் சான்றாக அவை முன்வைக்கப்பட்டன.

2023 ஜூலையில் அவ்விளையாட்டு கணினிக்கும் வந்தது. கிராபிக்ஸ் அட்டை வழியாகத் தரவை விரிக்கும் முறை அதில் பயன்படுத்தப்பட்டது. வேகமான எஸ்எஸ்டி கொண்ட கணினிகளில் தாவல்கள் தடையின்றி நிகழ்ந்தன. வன்தட்டிலும் விளையாட்டு இயங்கியது; ஆனால் ஒவ்வொரு தாவலிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. கன்சோலுக்கே உரியது என்று கருதப்பட்ட அனுபவத்தைக் கணினியாலும் வழங்க முடியும் என்பதையும், வன்தட்டு அதற்கு ஏற்றதல்ல என்பதையும் இது ஒருசேர உணர்த்தியது.

மாறிய குறைந்தபட்சத் தேவைகள்

2023-ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை. ஆகஸ்டில் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3', செப்டம்பரில் வெளியான 'ஸ்டார்ஃபீல்டு' ஆகிய இரண்டும் எஸ்எஸ்டி கட்டாயம் என அறிவித்தன. ஏற்கெனவே விற்பனையில் இருந்த 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் தேவைப் பட்டியலும் அதே ஆண்டில் திருத்தப்பட்டு, வன்தட்டுக்கான ஆதரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு விளையாட்டை வாங்கி வைத்திருப்பவருக்கே, அவரது கணினி இனிப் போதாது என்று தெரிவிக்கப்படும் நிலை இதனால் உருவானது.

154 ஜிபியில் இருந்து 23 ஜிபி

வன்தட்டைத் தொடர்ந்து ஆதரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2024 பிப்ரவரியில் வெளியான 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் கணினிப் பதிப்பு ஏறத்தாழ 154 ஜிபி அளவுக்கு வளர்ந்தது. கன்சோல் பதிப்போ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே எடுத்துக்கொண்டது. வன்தட்டு வைத்திருப்போருக்காகத் தரவுகள் நகலெடுக்கப்பட்டதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று அதன் உருவாக்குநரான ஆரோஹெட் நிறுவனம் விளக்கம் அளித்தது.

2025 டிசம்பரில் அந்த நகல்கள் நீக்கப்பட்டு, ஏறத்தாழ 23 ஜிபி அளவுள்ள பதிப்பு வெளியிடப்பட்டது. இது சுமார் 85 சதவீதக் குறைப்பு. விளையாடுவோரில் ஏறத்தாழ 11 சதவீதத்தினர் இன்னும் வன்தட்டையே பயன்படுத்துவதாக அந்நிறுவனம் தெரிவித்தது. வன்தட்டில் காத்திருப்பு நேரம் பல மடங்கு கூடிவிடும் என முன்னர் அஞ்சப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது சில நொடிகளே கூடுதலாகின. ஏற்றும் நேரத்தின் பெரும்பகுதி, போர்க்களத்தை உருவாக்கும் கணக்கீட்டுக்கே செலவாகியதே இதற்குக் காரணம்.

எல்லா விளையாட்டுகளிலும் இதே பலன் கிடைக்கும் என்று கூற இயலாது. ஆனால், பத்தில் ஒருவருக்காக எஞ்சிய ஒன்பது பேரும் 131 ஜிபி இடத்தைக் கூடுதலாக ஒதுக்கி வந்தனர் என்பது இதன் மூலம் தெரியவந்தது.

இந்தியப் பயனர்களுக்கு இதன் பொருள் என்ன?

நொடிக்கு 100 மெகாபிட் வேகம் கொண்ட பிராட்பேண்ட் இணைப்பில் 154 ஜிபியைப் பதிவிறக்க, தடையற்ற நிலையிலேயே ஏறத்தாழ மூன்றரை மணி நேரமாகும். 23 ஜிபிக்கு அரை மணி நேரம் போதும். நாளொன்றுக்கு 2 ஜிபி வழங்கும் செல்பேசித் திட்டத்தை நம்பியிருப்பவருக்கு, முந்தையது 77 நாள்களின் ஒதுக்கீடு. பிந்தையது 12 நாள்களின் ஒதுக்கீடு. 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மடிக்கணினியில், 150 ஜிபி அளவுள்ள மூன்று விளையாட்டுகளை நிறுவினாலே இடம் ஏறத்தாழ நிரம்பிவிடும்.

கூடுதல் சேமிப்பகம் வாங்குவதும் முன்பைப் போல் எளிதன்று. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை அதிகரித்ததால், 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. தனிநபர்களுக்கு நினைவகமும் எஸ்எஸ்டியும் விற்று வந்த 'க்ரூஷியல்' வணிகத்தில் இருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது.

கணினியை மேம்படுத்த விரும்புவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்:

- மிகப்பெரிய மாற்றம், வன்தட்டில் இருந்து ஏதேனும் ஓர் எஸ்எஸ்டிக்கு மாறும்போதே கிடைக்கிறது. நொடிக்கு சுமார் 550 எம்பி வேகம் கொண்ட சாட்டா எஸ்எஸ்டியே வன்தட்டைவிடப் பல மடங்கு விரைவானது. எம்.2 இணைப்பு இல்லாத பழைய கணினிகளுக்கும் இது பொருந்தும்.

- எம்.2 இணைப்பு இருந்தால் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஏற்றது. டைரக்ட்ஸ்டோரேஜின் பயன் அதில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

- நொடிக்கு 10 ஜிபிக்கும் மேற்பட்ட வேகம் கொண்ட எஸ்எஸ்டிகளின் ஆற்றலை இன்றைய விளையாட்டுகள் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. அதே தொகையில் கூடுதல் கொள்ளளவு வாங்குவது பயனளிக்கும்.

- பழைய வன்தட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஒளிப்படங்கள், காணொலிகள், பழைய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு அது தொடர்ந்து உதவும்.

இருவழித் தாக்கம்

கணினியும் கன்சோல்கள் மீது தாக்கம் செலுத்தியுள்ளது. 2020-இல் வெளியான பிளேஸ்டேஷன் 5-இல் விளையாடுபவருக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ 667 ஜிபி மட்டுமே. இக்குறையைப் போக்க, கணினிகளில் பயன்படும் எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்தும் வசதியை சோனி 2021 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்பாக்ஸோ தனி வகை அட்டையைத் தேர்ந்தெடுத்தது. 1 டிபி அளவுள்ள அந்த அட்டையின் தொடக்க விலை ஏறத்தாழ 220 டாலர். அப்போது 499 டாலராக இருந்த சீரிஸ் எக்ஸ் கன்சோலின் விலையில் இது பாதியை நெருங்கியது.

2025 ஜூனில் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2, கையடக்கக் கருவிகளிலும் இம்மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளது. 256 ஜிபி உள்சேமிப்பகம் கொண்ட அதில், விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைகளை மட்டுமே பயன்படுத்த முடியும். கணினி எஸ்எஸ்டிகளின் அதே தொழில்நுட்ப அடிப்படையில் இவ்வட்டைகள் இயங்குகின்றன. பழைய மைக்ரோஎஸ்டி அட்டைகள் அதில் விளையாட்டுகளுக்குப் பயன்படா.

இதன் மூலம், தற்போது விற்பனையில் உள்ள முதன்மைக் கன்சோல்கள் அனைத்தும் வன்தட்டின் காலத்தைக் கடந்துவிட்டன. கன்சோலையும் கணினியையும் ஒருசேர இலக்காகக் கொண்டு உருவாக்கப்படும் விளையாட்டுகளில், வன்தட்டுக்கெனத் தனியே உழைப்பைச் செலவிடுவதற்கான காரணங்கள் குறைந்து வருகின்றன. பெரிய விளையாட்டுகளைப் பொறுத்தவரை, புதிய கணினி வாங்குவோரும் பழையதை மேம்படுத்துவோரும் எஸ்எஸ்டியைக் கூடுதல் வசதியாக அல்லாமல் அடிப்படைத் தேவையாகவே கணக்கில் கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.